ஏழாவது தீவின் பெயர்

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஜெபமணியின் தம்பி போனில் பேசினார். "சார், அக்கா தவறிட்டாக. நாளைக்கிக் காலையில அடக்கம்." பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அலுவலகத்தில் ஜெபமணி நிலவியலாளர், நான் வரைபடம் வரைபவன். அணை நீர் சூழ்ந்து தீவுகளாகிப்போன ஏழு மலைமுடிகளை அளக்கப் போனோம். அன்று உடன் வந்த அலுவலக நண்பர்களே, உங்களுக்கு அவருடைய கோபம் நினைவிருக்கும். நான் சோம்பேறித்தனமாக ஒன்று, இரண்டு என்று தீவுகளுக்கு எண் போட்டு வரைபடத்தை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

"நம்பர் ஜெயில்ல இருக்கவனுக்குப் போடுவாக, கொழிஞ்சாம்பாறைக்காரரே. ஒங்க ஊருக்கு நம்பர் போட்டா சும்மா இருப்பீகளா?"

"இருக்கமாட்டனுங்க," என்றேன்.

பெயர்களை அவர் தேடியது மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக் கல்லறைகளில். நீர் ஏறியபோது மேலே குடியேறிய குடும்பங்கள், கல்லறைச் சிலுவையின் அடியில், இறந்தவர் பிறந்த மலைமுடியின் பெயரையும் செதுக்கிவைப்பது வழக்கம். கரும்பாறை முடி, செம்மண் முடி என்று எல்லாமே கல்லும் மண்ணும் கொடுத்த பெயர்கள். ஆளை விசாரித்தாலும் "கரும்பாறை வீடா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் வெவ்வேறு வீட்டார் இருவர் ஒரே பெயரைச் சொன்னால்தான் ஜெபமணி எழுதுவார். "ஒருத்தர் சொன்னா அது ஞாபகம். ரெண்டு பேரு சொன்னாத்தான் பேரு."

ஏழாவது தீவின் உச்சியில் ஓடும் வெள்ளைப் படிகக்கல்லைத் தட்டிக் காட்டினார். "சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சிருச்சு. இது கெட்டி, அதான் முடி நிக்கு. வெள்ளக்கல்லு முடி. நான் பொறந்த எடம்."

எழுதிவிடலாமே என்றேன்.

"நான் ஒருத்திதான சொல்லுதேன்? எங்கப்பா கல்லறையில அந்தப் பேரு இருக்கு, ஆனா அதுவும் அதே வீடுதான."

மலை மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக அலைந்தார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில், ஆறு பெயர்களும் ஓர் எண்ணும் இருந்த வரைபடத்தில் கையெழுத்திட்டார். சொந்த ஊருக்குக்கூடவா இவ்வளவு கறார் என்று சண்டை போட்டேன். சிரித்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

அடக்கத்துக்குக் குமுளியிலிருந்து ஜீப்பில் போனேன். ஒரு வயதான அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்க வெள்ளக்கல்லு முடிப் பிள்ள போயிருச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்கம்மா, நீங்க அவிங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லய்யா, பக்கத்து வீடு. தண்ணி ஏறுனப்ப நாங்க கீழ கம்பம் ஊருக்கு எறங்கிட்டோம்."

நாங்கள் மேலேயே தேடிக்கொண்டிருந்தோம். கீழே இறங்கியவர்களை ஒருவரும் நினைக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

ஜெபமணியிடமிருந்து என்னோடு இருப்பது அந்தக் கறார்தான். அன்று என் பிரதியில் ஏழு என்ற எண்ணை அழித்துவிட்டு, வெள்ளக்கல்லு முடி என்று எழுதினேன். உங்கள் பிரதிகளிலும் எழுதிவிடுங்கள். இரண்டு பேர் சொல்லியாயிற்று.