என் தேய்ந்த கட்டைவிரலும் எஸ்தரின் வீடும்

சபையாரே, சாட்சி சொல்ல யார் எழும்புவீர்கள் என்று போதகர் கேட்கும்போதெல்லாம் நான் கதவோரம் நகர்ந்துவிடுவேன். நீங்கள் இருபது வருஷமாகப் பார்த்ததுதான். அப்படிப்பட்ட என்னைத்தான், ரப்பர் விலை விழுந்து கிடந்த போன வருஷத்தில், கோர்ட்டு சாட்சியாகக் கூப்பிட்டது.

நம் ஊர் ஆயர் ஈத்தாம் ஆற்றில் என்னோடு துணி வெளுத்த ஞானமுத்து அண்ணன் இறந்துபோனார். மனைவி முன்பே காலமாகிவிட்டாள். பெற்ற பிள்ளை இல்லை. தாய் தகப்பனை இழந்த எஸ்தரைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தவர். எழுதத் தெரியாத அவர், தன் பலகை வீடு அவளுக்கே என்று சாகுமுன் உயில் எழுதவைத்தார். நான் மூன்றாம் வகுப்பு படித்தவன், கையெழுத்துப் போடத் தெரியும். நானும் இன்னொருவரும் அருகில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அந்த இன்னொருவர் கப்பலேறி ஊருக்குப் போய் அங்கேயே காலமானார். மிஞ்சியது நான்.

சுங்கை பாக்காப் என்ற ஊரிலிருந்து அண்ணனின் தம்பி மகன் வந்தார். உயில் பொய், வீடு தனக்கே என்று வழக்குப் போட்டார். உயில் நிற்காவிட்டால் கோர்ட்டில் பதியாத வளர்ப்பு மகளுக்குச் சட்டத்தில் ஒரு பலகைகூட இல்லை என்று எங்கள் வக்கீல் சொன்னார். எஸ்தருக்குப் போக வேறு கூரை இல்லை.

நான் ஜெபித்தேன். தைரியம் கேட்கவில்லை. இந்தப் பாரம் என்னிடம் வராமல் போகட்டும் என்றுதான் கேட்டேன். சம்மன் வந்தது. கூண்டில் என் வாய் அடைத்துப்போனால் ஒரு பெண்ணைத் தெருவில் விட்டவன் ஆவேன்.

என் மனைவி ரோசம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "மனுசங்ககிட்ட நீங்க எப்பப் பேசியிருக்கீங்க? துணிகிட்டதானே பேசுவீங்க. எதிர்ல நிக்கிறது அழுக்கு வேட்டின்னு நெனச்சுக்குங்க, அவ்வளவுதான்லா."

வக்கீல் ஆபீஸில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க்கும் தேற்றினார். "பயப்பிடாதேயும். கண்டதை மாத்திரம் சொல்லும். தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லும்."

அன்று காலை கோர்ட்டு வராந்தாவில் ஒரே வரிதான் ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்கு வாயைத் தாரும்.

எதிர்வக்கீல் உயிலைக் காட்டினார். அடியில் ஒரு சிலுவை, இரண்டு புள்ளி. அவர் கேட்டதை மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்: "எழுதத் தெரியாதவர் கட்டைவிரல் ரேகைதானே வைப்பார்? இந்தக் குறியை யாரும் போட்டிருக்கலாமே?"

தலை குனிந்தேன். குனிந்த கண்ணில் என் கை பட்டது. சோடாவும் சோப்பும் தின்ற விரல். துவைகல்லில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்போது வார்த்தை வந்தது.

"ஐயா, டோபிக்கு ஏதுங்க ரேகை? எனக்கு மை வச்சுப் பாருங்க."

நீதிபதி மை கொண்டுவரச் சொன்னார். அழுத்தினேன். காகிதத்தில் கறுப்புப் பொட்டு ஒன்று விழுந்தது. அதில் ஒரு கோடும் இல்லை.

"அண்ணனும் மூணு தடவை வச்சாருங்க. இப்படித்தான் விழுந்துச்சு. துணி மாறாம இருக்க நாங்க ஆளுக்கொரு குறி வைப்போங்க; அதான் தன் சொந்தத் துணிக்குப் போடுற குறியைப் போட்டாரு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"ஒரே குறியை இரண்டு பேர் துணிக்குப் போடுவதில்லையா?" என்று எதிர்வக்கீல் கேட்டார்.

"போட்டா உங்க காலர் வேற வீட்டுக்குப் போயிருக்குங்க ஐயா. உள்பக்கம் ஒரு பிறை, கீழ ஒரு கோடு இருக்கும். உங்க வீட்டுத் துணிக்கு நான் போட்டதுதான்."

எதிர்வக்கீலின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கோர்ட்டே சிரித்தது. பிறகு எஸ்தர் கொண்டுவந்திருந்த அண்ணனின் பழைய சட்டைகளை விரித்தார்கள். எல்லாவற்றிலும் அதே சிலுவை, அதே இரண்டு புள்ளி.

உயில் நின்றது. வீடு எஸ்தருக்கே ஆனது. இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தேய்ந்துபோன விரல் எனக்கு வெட்கமாக இருந்தது. சர்க்கார் ஆபீஸில் ரேகைக்கு மை வைக்கும்போதெல்லாம் கிளார்க்குகள் திட்டுவார்கள். அதையே ஆண்டவர் எடுத்துப் பேசவைத்தார். அன்று முதல் நான் கதவோரம் போவதில்லை.

உங்களில் உயில் எழுதாதவர்கள் நல்ல வக்கீலிடம் போய் எழுதுங்கள். சாட்சிகள் இருவரும் ஒன்றாக நின்று பார்க்கட்டும். அவர்களுக்கு அந்தச் சொத்தில் பங்கு இருக்க வேண்டாம். நான் எதுவும் பெறாதவன் என்பதால்தான் என் சொல்லை நம்பினார்கள் என்று எங்கள் வக்கீல் சொன்னார்.

பிறகு ஜெபியுங்கள். வார்த்தை வராவிட்டால் கையை நீட்டிக் காட்டுங்கள். கோர்ட்டால் படிக்க முடியாத என் விரலை ஆண்டவர் படித்தார். உங்களுடையதையும் படிப்பார்.