அக்காவின் துண்டும் ஒட்டகத்தின் கயிறும்

அக்காவின் துண்டுக்குள் ஏதோ வித்தை இருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். அக்காவின் ஓராண்டு நினைவு நாளில் இந்தச் சிறப்பு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளும் நட்புகளும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நம்பிக்கையில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய், அதே மாதிரி பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்றை நானும் வாங்கி வந்தேன். எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்வதுதான் முறை.

அக்கா மீனாட்சிபுரத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அடுத்தவன். என் பொறாமைக்கு அன்றே அஸ்திவாரம் போட்டாயிற்று. அவர் கறந்தால் மாடு நிற்கும். நான் உட்கார்ந்தால் உதைக்கும். அவர் சித்தூரில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். நானும் அதே கல்லூரிக்குப் போய் அவருடைய தம்பி என்ற பெயரை வாங்கினேன்.

முதலமடையில் மாந்தோப்புக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே மாமா காலமாகிவிட்டார். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். அக்கா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தோப்புக்குள் இறங்கினார்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் மாமரத்துக்குப் பூவிலேயே விலை பேசிவிடுவார்கள். பனி எப்படி, காற்று எப்படி, பூச்சி விழுமா, எவ்வளவு காய் நிற்கும் என்று பூவைப் பார்த்தே சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் உண்டு. ஆண்பிள்ளைகள் துண்டுக்குள் ஒரு பெண் கை விடுவதா என்று சிலர் முனகினார்கள். "அதுக்கென்னுங்க, என்ர துண்டுக்குள்ள நீங்க கை உடுங்க" என்றார் அக்கா. பூ மொத்தமும் கருகிப்போன வருடங்களும் வந்தன. அப்போதும் வேலையாட்களுக்குக் கூலி நிற்கவில்லை. மகன் படிப்பும் நிற்கவில்லை. தோப்புக்கு வரும் வியாபாரிகள் என்னைப் பார்த்தால், "அக்கா இருக்காங்களா?" என்பார்கள். ஆறடி மனிதன் நான் எதிரில் நிற்பது அவர்கள் கண்ணில் படாது.

இனி என் மகள் கதை. காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுக்கும் பிள்ளை அவள். மருத்துவரைப் பார்த்தோம், சாமியையும் பார்த்தோம். கடைசியில் நான் செல்போனில் நான்கு வீடியோ பார்த்துவிட்டு, "இனி வீடுதான் பள்ளிக்கூடம், நான்தான் வாத்தியார்" என்று அறிவித்தேன். என் மனைவி தலையில் கை வைத்தார்.

கணக்கு நன்றாக வந்தது. வாசிப்பில்தான் இடி விழுந்தது. தப்பில்லாமல், இறக்கத்தில் போகும் ஜீப் மாதிரி படபடவென்று வாசிப்பாள். வாசித்தது எதுவும் உள்ளே போயிருக்காது. ஒரு நாள் இப்படி வாசித்தாள்: 'குடையை மறந்து சந்தைக்குப் போன முத்து, சட்டையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குள் வந்தான்.'

"அன்னைக்கு மழை பெஞ்சுதா கண்ணு?"

"மழைன்னு எங்கயும் போடலீங்கப்பா."

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு பத்திக்கும் கேள்வி போட்டேன். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து நீட்டக் கற்றுக்கொண்டாள். விடை சரியாக இருக்கும். கேட்டால் ஒன்றும் தெரியாது. அவளுக்குக் கண்ணீர் வரும் வரை நான் விடமாட்டேன். பிறகு எனக்கும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா படுக்கையில் விழுந்தார். கோவைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்து வந்தபின் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. "மத்தியானத்துல உன்ர மகளக் கொண்டாந்து உடுடா. கதை கேட்டு நாளாச்சு" என்றார். நோயாளி கேட்கிறாரே என்று ஸ்கூட்டரில் முதலமடைக்குக் கொண்டுபோய் விட்டேன். சில வாரங்களில் மகள் மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஏறி உட்கார ஆரம்பித்தாள். என் பாடத்துக்கு அப்படி ஒரு நாளும் எழுந்தவள் இல்லை.

பொறாமை வந்தால் மனிதன் மாமரத்தடியில் நிற்பான். நான் நின்றேன், அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேராக.

உள்ளே மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். கதை சூடுபிடித்த இடத்தில் அக்கா தோள் துண்டை எடுத்துப் புத்தகத்தின் மேல் போட்டு மூடினார்.

"பூவப் பாத்தாச்சல்ல அம்மிணி? காய் சொல்லு. அடுத்து என்ன ஆகும்?"

மகள் ஒன்று சொன்னாள். அக்கா வேறொன்று சொன்னார். இருவரும் சண்டை போட்டார்கள். துண்டை எடுத்து வாசித்தபோது அக்கா தோற்றிருந்தார். "எந்த எடத்துல ஏமாந்தேன்? அந்தப் பக்கத்த மறுக்கா படி" என்றார். பிள்ளை தானாகவே பின்னால் புரட்டித் தேடிக் காட்டினாள். அடுத்த முறை மகள் தோற்றாள்; அக்கா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

துண்டின் மகிமை எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள்தான் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். பயிற்சிப் புத்தகத்தின் மேல் புதுத் துண்டைப் போட்டு மூடி, "காய் சொல்லு" என்றேன், அக்கா குரலிலேயே.

மகள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் முடிவு தெரியுமுங்களே அப்பா. அப்பறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க? அத்தைக்கு நெசமாவே தெரியாதுங்க."

துண்டை இன்று வரை ஸ்கூட்டர் துடைக்கப் பயன்படுத்துகிறேன். நல்ல துண்டு, தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

அக்கா கடைசியாகக் கேட்ட கதை ஒரு சர்க்கஸைப் பற்றியது. பார்க்க வந்திருந்த சிலரும் கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரம் பிரித்துப் போகும்போது முதலாளி கிழட்டு ஒட்டகம் ஒன்றை ஊர் எல்லையில் விட்டுவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் அக்கா துண்டைப் போட்டார். கைக்குத் தெம்பில்லை, துண்டு பாதிப் பக்கத்தைத்தான் மூடியது. மீதியை மகளே இழுத்துவிட்டாள்.

"மொதலாளி திரும்பி வருவான்" என்றார் அக்கா. "அழுதுட்டே போனானல்ல."

"வரமாட்டாருங்கத்தை. போகும்போது கயித்த அவுத்து உட்டுட்டுத்தான போனாரு? திரும்பி வர்றவரு கட்டிப்போட்டுட்டுத்தான போவாரு."

ஜன்னலுக்கு வெளியே நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மழை என்று எழுதாவிட்டால் மழையே இல்லை என்ற பிள்ளை அது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை அக்கா அல்லவா முதலில் அனுபவித்தார் என்று வயிறும் எரிந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எறும்பு ஏறப்போகுது. உள்ள வாடா. நீயும் வெல சொல்லு."

போனேன். அந்தக் கதையை நான் படித்ததில்லை. "முதலாளி வருவாருங்கக்கா" என்றேன். வாழ்க்கையில் அக்கா பக்கம் நான் சேர்ந்தது அன்றுதான்.

"இவன் என்ர பக்கம்னா நான் தோத்தேன் அம்மிணி" என்றார் அக்கா. மீதியை மறுநாள் வாசிக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் அக்கா காலமானார்.

கோவைக்கும் வீட்டுக்குமாகச் சலிக்காமல் கார் ஓட்டிய பக்கத்துத் தோப்பு அண்ணனுக்கும், கஞ்சி முதல் கடைசிக் குளியல் வரை செய்த தோப்புப் பெண்களுக்கும், வேலையை விட்டு வந்து தாயின் தலைமாட்டிலேயே இருந்த அக்காவின் மகனுக்கும், பூக்காலத்து வேலையைப் போட்டுவிட்டு மயானம் வரை வந்த வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. அக்கா இருக்காங்களா என்று இப்போதும் என்னிடம் பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்களுக்கும் நன்றி. கேளுங்கள், தப்பில்லை.

கட்டிலருகே நின்று அந்தக் கதையைப் பாதி கேட்டவர்கள், முடிவு என்ன என்று காரியத்தன்றே என்னிடம் கேட்டீர்கள். அன்று எனக்கும் தெரியாது. காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, மகள் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து மீதியைச் சத்தமாக வாசித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

முதலாளி வரவில்லை. அக்காவும் நானும் தோற்றோம். மகள் சொன்னதுதான் நடந்தது.