சல்லிக் கரையில் தாழப் பறந்த விமானம்

சல்லிக் கடற்கரையில், பாயில் விரித்த கருவாட்டோடு சேர்ந்து நானும் காலையிலிருந்து காய்கிறேன். சீனக்குடாவிலிருந்து கிளம்பும் விமானப்படைப் பயிற்சி விமானம் இங்கே தாழப் பறக்கும் என்று நண்பன் சொன்னதை நம்பி, அதைப் படமெடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன்.

கடைசியில் சத்தம் கேட்கிறது. கமராவைத் தூக்குகிறேன். அங்கே கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பாய்ந்து வந்து, என் சட்டையைப் பிடித்து மணலில் விழுத்துகிறார்.

“படுங்கோ தம்பி!”

விமானம் தலைக்கு மேலால் போயே விடுகிறது.

“என்னக்கா நீங்கள்! அது பயிற்சி பிளேன், குண்டு போடாது. சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்!”

“ஓம், எனக்குத் தெரியும். உடம்பு கேட்குதில்லையே.”

கமராவில் மணல், வாயிலும் மணல். துப்புகிறேன். அவரோ சேலையைத் தட்டியபடி என்னைத்தான் ஏசுகிறார்:

“பிளேன் வர, ஆரும் நிமிர்ந்து நிப்பினமோ?”