அடிபட்ட இறைச்சியை விற்காதவள்

என் அம்மாவைப் பொறுமைசாலி என்று எவராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன். செத்த வீட்டில் சண்டை போட முடியுமா? இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அம்மா இறைச்சி வெட்டுகிறவள். சந்தையின் கடைசி வரிசையில், மீன்காரிக்குப் பக்கத்தில், கையைக் காலை நீட்ட முடியாத ஒரு கடை. எல்லோரும் அவளை எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் எலும்பை ஓங்கி வெட்டுவார்கள், சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அம்மா ஓங்கவே மாட்டாள். விரலால் தடவி மூட்டைக் கண்டுபிடிப்பாள், கத்தி நுனியை அங்கே வைத்து ஒரு திருப்பு திருப்புவாள், தொடை தனியாகக் கழன்று வரும். "வாங்கித் தின்னுறவன் பல்லு என்ன இரும்பா?" என்பாள்.

காலையில் ஆட்டைக் கொக்கியில் மாட்டியதும் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். வண்டியில் ஏற்றும்போது தடியால் அடித்திருந்தால் சதையில் ரத்தம் கட்டியிருக்கும். அதன் நிறத்தைப் பார்த்தே அடி என்றைக்கு விழுந்தது என்று சொல்லிவிடுவாள். சிவப்பு என்றால் புதுசு. கருத்திருந்தால் இரண்டு மூன்று நாள். ஓரம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் வாரம் ஆகிவிட்டது. அந்தத் துண்டை அறுத்து வியாபாரியின் காலடியிலேயே வீசுவாள். "அடிச்சு இழுத்துட்டு வந்ததை என் கடையில இறக்காதே, போய்யா!"

இதை அவள் ஆட்டிடம் கற்றுக்கொள்ளவில்லை. தன் உடம்பில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

கடை முதலில் அப்பாவுடையது. அந்த மனுஷன் குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். பெல்ட், கரண்டி, தராசுச் சங்கிலி என்று கைக்குக் கிடைத்ததால் அடிப்பார். ஒரு தடவை அம்மாவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து வெட்டுக்கட்டையில் முகத்தை மோதினார். முன்பல் இரண்டும் போயின. எனக்கு எட்டு வயது. பல்லைத் தரையில் தேடி எடுத்து, கழுவி, அம்மாவிடம் கொடுத்தேன். திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அவ்வளவு விவரம் எனக்கு.

கல்யாணமானதிலிருந்து பத்து வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் அவருடைய கை என் மேல் விழுந்தது. காது கிழிந்து தோளெல்லாம் ரத்தம். அம்மா கறி வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் இடது கை கட்டையின் மேல் ஊன்றியிருந்தது. ஓங்காதவள் அன்றைக்கு ஓங்கினாள். சுண்டுவிரல் கறியோடு கறியாகக் கிடந்தது. "எம் புள்ளை மேல இன்னொரு தடவை கை வை. மிச்சத்தையும் எடுக்கிறேன்," என்றாள் அம்மா. துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு ஓடிய மனுஷன் திரும்பி வரவே இல்லை. சனியன் விட்டது என்று மீன்காரி கடையைக் கழுவிக்கொடுத்தாள்.

அதன்பின் நாற்பது வருஷம் கடையும் அவள்தான், வீடும் அவள்தான். என்னை ஒரு நாள்கூட அடித்ததில்லை. வாயால் வறுத்தெடுப்பாள், அது வேறு விஷயம். என் கணவர் சீக்கிரமே போய்விட்டதால் என் மகளையும் பாதி அவள்தான் வளர்த்தாள். பேத்தி என்றால் மட்டும் உருகிவிடுவாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவளுக்குத் தலை பின்னிவிடுவாள்.

"பாட்டி, உன் கை நாறுது."

"நாறுற கைதான்டி உனக்குச் சோறு போடுது. தலையை ஆட்டாதே."

அந்தப் பேத்திக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். திங்கட்கிழமை கடைக்கு லீவு என்பதால் அம்மா வீட்டில் இருந்தாள். மகள் கன்னம் வீங்கியிருந்தது. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள்.

அம்மா சட்டைக் கையை மேலே தள்ளினாள். கொக்கியில் தொங்குவதைத் தடவுவதுபோல விரலால் மெதுவாகத் தடவினாள். "இது இன்னைக்குக் காலையில. இது மூணு நாளாச்சு. இது போன வாரம். ஏண்டி, பொழுதன்னைக்கும் வழுக்கித்தான் விழுறியா?"

மகள் அவள் மடியில் விழுந்து கதறினாள். ஆனால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அக்கம்பக்கம் என்ன பேசும், வாழாவெட்டி என்பார்களே என்று பயந்தேன். அடுத்த அறைக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "கோபத்துல வந்துட்டா, நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க," என்றேன். திரும்பி வந்து, மகள் வெளியே எடுத்து வைத்திருந்த துணிகளை மடித்து மறுபடியும் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, வேணாம்மா. அவர் என்னைக் கொன்னுடுவார்மா."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. பாட்டி பத்து வருஷம் பொறுத்துக்கல? உனக்கு மூணு வருஷத்துக்கே முடியலையா?"

பளார் என்று விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஐம்பது வயதில், அம்மாவிடம் நான் வாங்கிய முதல் அறை.

"பொறுத்தேன்னு எவடி உனக்குச் சொன்னா?" என்று கத்தினாள் அம்மா. "எனக்குப் போக்கிடம் இல்லடி! மூணு தடவை எங்கம்மா வீட்டுக்கு ஓடினேன். மூணு தடவையும் துணியை மூட்டை கட்டி அந்த ஆள்கிட்டயே அனுப்பினா. நீயும் அதையே பண்றியே, பாவி!"

நான் அசையவில்லை. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா பேத்தியை உள்ளே தள்ளிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை முதலில் பல்லைக் காட்டினான். "தள்ளுங்க பாட்டி. எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன்."

"அவ வரமாட்டா."

"கெழவி, மரியாதையா தள்ளு."

"உனக்கென்னடா மரியாதை?"

கதவை இழுத்து அடித்தான். அம்மாவின் வலது கை நடுவில் மாட்டியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். அவள் கத்தவில்லை. அவன் மறுபடியும் அடித்தான். அப்புறம் அவளைத் தாண்டி உள்ளே காலை வைத்தான். அம்மா கத்தி தீட்டுகிற இரும்பை வாசலோரத்து அலமாரியிலிருந்து இடது கையால் எடுத்து, அவன் முழங்கால் மூட்டில் இறக்கினாள். ஒரே அடி. ஆறடி ஆள் சுருண்டு விழுந்து வாசல்படியில் புரண்டு அலறினான். நான் அப்போதுதான் அசைந்தேன். ஓடிப்போய் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, ஆள் வரும்வரை அடித்தேன். ரொம்பத் தாமதமாக வந்த வீரம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அம்மாவின் கை சரியாகக் கூடவில்லை. அவள் அதன்பின் கத்தி பிடிக்கவே இல்லை. கடைசி நான்கு வருஷமும் இறைச்சியைப் பேத்திதான் அவளுக்குச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

கை முறிந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பெண் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதினார். மகள் ஒன்று விடாமல் சொன்னாள். என்னைப் பற்றிய பேச்சு வந்ததும், "அப்ப உங்கம்மா என்ன பண்ணாங்க?" என்று மகளிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. "அம்மா எனக்குத் துணையா நின்னாங்க," என்றாள்.

நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன். "இல்லம்மா," என்றேன். "அவனைப் போன் போட்டுக் கூப்பிட்டது நான். இவளைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டினதும் நான். எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "கேஸுக்கு அது தேவையில்லைம்மா."

அம்மா கண்ணை மூடியபடியே பேசினாள். "எழுதுங்கம்மா. எங்கம்மா சாகுற வரைக்கும் இந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல."