கொடிக்கு மேலே பறந்த வளையம்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, வலைக்கு மேலே வீசி விளையாடும் ரப்பர் வளையம் வாங்கத் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கையில் எடுத்ததும் அந்தப் புது ரப்பர் வாசனை என்னைப் பதிமூன்று வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் வயதுக்கு வந்ததும், "இனிமே பள்ளிக்கூடம் விட்டா நேரா வூட்டுக்கு வந்துடணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வளையம் ஆடும் டீமிலிருந்து நின்றுவிட்டேன். மாலையெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் பொறுத்த அம்மா, தக்காளி பறித்துக் கறுத்த கையோடு, மூலையில் கிடந்த என் வளையத்தை எடுத்து வந்தாள்.

"எந்திரிடி. எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

வீட்டுக்குப் பின்னால் துணி காயும் கொடிதான் எங்களுக்கு வலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஓடினாள், தவறவிட்டாள், சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். "பொம்பளைங்களுக்கு என்ன ஆட்டம்?"

"வூட்லதானங்க இருக்கறோம்" என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. அப்பா உள்ளே போய்விட்டார். நான் பத்தாவது முடிக்கும்வரை ஆடினோம்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவளையும் அந்த வயதில் ஓடாதே என்று யாராவது நிறுத்தினார்களா? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

"ஒண்ணு போதுங்களாக்கா?" என்றார் கடைக்காரர். போதும் என்று தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எடுத்தேன்.