எக்ஸ்ரே அக்கா பூட்டி வைத்த மருந்து

வீடில்லாதவர்கள் நாற்பது பேர் தங்கும் எங்கள் விடுதியின் வார்டனுக்கு நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. வாசலில் யார் நுழைந்தாலும் பையைக் கவிழ்த்து, சட்டைப்பையைத் தடவி, செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். இருமினால்கூட "எதுக்கு இருமுற?" என்று கேட்கிற ரகம். மறைந்து போதை போடக் கூடாது என்று, தங்குகிறவர்களின் கழிவறைக் கதவுகளில் இருந்த தாழ்ப்பாளை எல்லாம் கழற்றிவிட்டார். வேலை பார்க்கிறவர்களின் கழிவறையில் மட்டும் ஒரு தாழ்ப்பாள் மிச்சம். நாங்கள் யோக்கியர்களாம்.

நான் அங்கே துணி துவைக்கிறவள். அக்காவைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? விரிப்புகளை மோந்து பார்த்து, யாரிடம் என்ன வாடை என்று அக்காவிடம் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதியில் ஒருவர் போதை மருந்து அளவு மீறிக் கழிவறைக்குள்ளேயே செத்துப்போனார். உடனே மேலிடத்திலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸை அனுப்பினார்கள். அவள் ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் கிடத்தினாள். எங்களோடு சேர்த்து, தங்குகிறவர்களையும் உட்காரச் சொன்னாள். அக்காவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"உதடு நீலமாப் போகும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். தூங்குறாங்கன்னு விட்டுடாதீங்க. சத்தமாக் கூப்பிடுங்க, விரல் முட்டியால நெஞ்செலும்பைத் தேய்ங்க. எழுந்திருக்கலைன்னா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, போதையை முறிக்கிற இந்த மருந்தை மூக்குல அடிங்க. மூச்சு இல்லைன்னா வாயோட வாய் வச்சு ஊதுங்க."

"ஏம்மா, இப்படிக் காப்பாத்திக்கிட்டே இருந்தா, தைரியமா இன்னும் நாலு தடவை போட மாட்டாங்களா?" என்றார் அக்கா.

"செத்தவங்க யாரும் திருந்தினதா நான் பார்க்கலை அக்கா," என்றாள் நர்ஸ். மூன்று மருந்துக் குப்பிகளைக் கையில் கொடுத்து, "பூட்டி மட்டும் வைக்காதீங்க, எல்லார் கைக்கும் எட்டணும்," என்று சொல்லிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அக்கா என் காதைக் கடித்தார். "மருந்துக் கம்பெனியில இவளுக்குக் கமிஷன் இருக்கும் பாரு." நானும் ஆமாம் போட்டேன். மூன்று குப்பியும் அலுவலக அறை இரும்பு அலமாரிக்குள் போயின. சாவி அக்காவின் இடுப்பில்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டுதான் இருந்தன. அந்த வாரம் அலுவலக அறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர் பெயின்டர். எங்களிடம் தங்கியிருந்தவர், போதையை விட்டு இரண்டு வருடம் ஆனவர். அக்கா அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுப் போனுக்கு ஓடிய நேரம் அவர் மட்டும்தான் அறையில் இருந்திருக்கிறார். வேறு யார் எடுத்திருக்க முடியும்? அக்கா அவருடைய பெட்டியையும் படுக்கையையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"வெளியில வித்திருப்பான். அஞ்சு மணிக்குள்ள மருந்து வரணும். இல்லைன்னா பெட்டியைத் தூக்கிட்டு வெளியே போயிடணும்."

வெளியே மூன்று நாளாக விடாத மழை. அவருக்கோ நெஞ்சுச் சளி, போக்கிடமும் இல்லை. மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் சட்டைகளை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுத்திருந்தா குடுத்துத் தொலையேன்யா! எடுக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லு!"

அவர் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். கல்லுளிமங்கன்.

மதியம் வழக்கம்போல அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவருடைய தம்பி வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல வேலை, சிரித்த முகம். அந்த வாசலில் பையைத் திறக்காமல் உள்ளே வரக்கூடிய ஒரே ஆள். "தங்கம்டி என் தம்பி," என்று அக்கா என்னிடம் சொல்லாத நாள் இல்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அவர் எங்கள் கழிவறைக்குப் போனார்.

ஈரத்துணிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தேன். உள்ளே குறட்டைச் சத்தம். என் புத்தியைப் பாருங்கள், பாவம், தூக்கமில்லை போல என்றுதான் நினைத்தேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. அப்போதுதான் அந்த ரப்பர் பொம்மை ஞாபகம் வந்தது. அலறினேன்.

பெட்டியும் கையுமாக வாசலில் நின்ற பெயின்டர்தான் முதலில் ஓடி வந்தார். இரண்டு உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. சுவரோரம் சரிந்து கிடந்தார் தம்பி. உதடு நீலம்.

அக்கா ஓடி வந்து பார்த்து, ஐயோ என்று அலமாரிக்குப் பாய்ந்தார். கொத்தில் இருபது சாவி. மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார், ஒன்றும் பூட்டுக்குள் போகவில்லை. அதற்குள் பெயின்டர் பெட்டியைத் திறந்து, மடித்த சட்டைக்குள்ளிருந்து குப்பியை எடுத்துவிட்டார்.

"பார்த்தியா, இவன்கிட்டதான் இருந்திருக்கு!"

அந்த நேரத்திலும் அக்கா வாயில் அதுதான் வந்தது.

"வாயை மூடுக்கா!" என்று கத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

பெயின்டர் நெஞ்செலும்பைத் தேய்த்தார், மூக்கில் மருந்தை அடித்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். அவருக்கே இருமல் முட்டியது. முகத்தைத் திருப்பி இருமிவிட்டு மறுபடி ஊதினார். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு தம்பி ஒரு மூச்சை இழுத்தார். பெயின்டர் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

ஆம்புலன்ஸில் ஏறப் போன அக்கா பெயின்டர் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும்கா, போட்டுப் பழகினவனுக்குக் கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். தினமும் இங்கதான் வராரு, தாழ்ப்பாள் இருக்கிற கதவும் இது ஒண்ணுதான். அதனாலதான் எடுத்து வச்சேன். அவர் யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மட்டும் நம்பியிருப்பேனா? தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து என் ஈரத்துணிக் கூடைக்குள் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

பெயின்டர் கழிவறை வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய தகரப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் அவர் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வேறு என்னதான் வைத்திருக்கிறார் என்று பார்க்கக் கை அரித்தது. திறக்கவில்லை.