றைஸா கேட்ட எஞ்சின்

கண்டக்குழிக் கரையில் கருவாடு காயவைக்கும் றைஸாவுக்குக் கடலைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமே கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு மீனைப் புரட்டுவாள். சத்தம் கேட்டதும், "பதுர்தீன் நானா வாறார்" என்பாள். வருவது பதுர்தீனின் போட்தான். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அதுதான் அவளைப் புத்தளத்தில் சாட்சிக்கூண்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பனிமூட்டம் கிடந்த ஒரு காலையில் வீரகத்தியின் தோணியை ஒரு போட் மோதிவிட்டு நிற்காமல் போனது. வீரகத்தி செத்துப்போனார். மோதிய போட்டை ஒருவரும் காணவில்லை. றைஸாவுக்குச் சத்தம் கேட்டது. "ஃபாஹிம்ட எஞ்சின்" என்றாள். ஃபாஹிமுக்கும் வீரகத்திக்கும் வலைத் தகராறு இருந்ததை ஊரே அறியும். வழக்கு தடங்கலில்லாமல் நடந்தது.

"இத்தனை எஞ்சின் ஓடுற கடல்ல எப்படிச் சரியாச் சொல்றீங்க?" என்று ஃபாஹிமின் சட்டத்தரணி பஹ்மிதா கேட்டாள்.

"ஏன், புள்ள அழுதா உம்மாக்கு வெளங்காதா?"

நீதிமன்றமே சிரித்தது. எதிரிக்கூண்டில் நின்ற ஃபாஹிம் மட்டும் சிரிக்கவில்லை. "ராத்தா, அண்டைக்கு நான் கடலுக்கே போகல்ல" என்றான். பத்து வருடம் தீர்ப்பானது.

அதற்குப் பிறகு அந்த எஞ்சின் அவளை விடவில்லை. பொலிஸார் கழற்றிக்கொண்டு போனது சான்றுப்பொருளாக எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் றைஸாவின் காதில் ஓடியது. தொழுகையில் குனிந்தால் கேட்டது, சோறு வடிக்கும்போது கேட்டது. செத்தவரின் ஆவிதான் சுற்றுகிறதென்று நடுங்கி ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிக்கொண்டாள். காதில் பஞ்சு அடைத்தாள். ம்ஹூம்.

மூன்றாம் வருடம், ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், சத்தம் கரைக்கே வந்தது. பக்கத்தில் மீன் புரட்டிய றுமானாவும் தலையை நிமிர்த்தினாள்.

"யாரோ வாறாங்க ராத்தா."

அப்படியானால் இவளுக்கும் கேட்கிறது! றைஸா திரும்பிப் பார்த்தாள். உடப்பு ஊரிலிருந்து வந்த போட். ஓட்டி வந்தவர் தன் பெயர் இந்துஜன் என்றார்.

"இந்த எஞ்சின் எவ்வளவு காலமா ஓடுது தம்பி?"

"ஏழு வருசம் அக்கா. இந்த மொடல் இப்ப எல்லா இடமும் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே இரைச்சல்தான்."

மறுநாள் முதல் பஸ்ஸில் றைஸா பஹ்மிதாவைத் தேடிப் போனாள். ஃபாஹிமின் மேன்முறையீடு இன்னும் விசாரிக்கப்படாமல் கிடந்தது.

"இப்ப மாத்திச் சத்தியக்கடதாசி குடுத்தா, பொய்ச்சாட்சி எண்டு உங்களையே புடிக்கலாம். தெரியும்தானே?"

"புடிக்கட்டும். அவன் வெளிய வந்தாப் போதும்."

பஹ்மிதா பேனையை எடுத்தாள். "அப்ப எழுதுவம். அண்டைக்கு மோதினது ஃபாஹிம்ட எஞ்சின் இல்ல. சரியா?"

ஓம் என்றால் அவன் வந்துவிடுவான். அது இன்னொரு பொய்யாகவும் இருக்கலாம். அந்தக் காலைச் சத்தத்தை றைஸா மறுபடி காதில் ஓடவிட்டுப் பார்த்தாள். யாருடையதாகவும் இருக்கலாம், ஃபாஹிமுடையதாகவும் இருக்கலாம்.

"தெரியா" என்றாள். "எனக்குத் தெரியா மகள்."

பஹ்மிதா அதை அப்படியே எழுதினாள். தலையை நிமிர்த்தாமலே, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றாள்.